கப்பலில் ஒரு விறாந்தை

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்கள் பல்கனி உள்ள அறை எடுப்பது காசுக்குப் பெறுமதிதானா என்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப் போகிறேன் என்றால் சில சகோதரிகள் சிரிப்பீர்கள். ஆடு வளர்ப்பு, சுழற்சிக் கடன், காணிப் பத்திரம் என்று கூட்டங்களில் கதைக்கிறவளுக்கு வந்த யோசனையைப் பாருங்கள் என்றும் சொல்வீர்கள். ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் இன்று பிள்ளை ஒன்றாவது வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. அந்தப் பிள்ளைகள் தாயை எங்காவது கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறார்கள். தாயின் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "எனக்கு ஏன் உந்தச் செலவு?" என்பதுதான். இந்தக் கேள்வியை நான் என் தொழிலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கண்ணாடி போடச் சொன்னாலும் வரும், பல்லுக்கு மருந்து எடுக்கச் சொன்னாலும் வரும்.

எங்கள் வீட்டில் இது 2024 ஒக்ரோபரில் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா டிசம்பர் விடுமுறைக்கு அத்தானோடும் இரண்டு பிள்ளைகளோடும் சிங்கப்பூர் வருவதென்று முடிவெடுத்தா. கொழும்பிலிருந்து ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பறப்பு. அம்மாவால் அவ்வளவு தூரம் ஏலும். நானும் அம்மாவும் அங்கு போய்ச் சேர வேண்டும். பிறகு எல்லோருமாக இரண்டு இரவுகள் கப்பலில். ஒரு ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டு அதே துறைக்குத் திரும்புகிற பயணம் அது. "ஒரு இடமும் போகாத கப்பலுக்கு ரிக்கற்றோ?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

அக்கா அறைகளின் விலைகளை அனுப்பினா. இப்படியான கப்பல்களில் அறைகள் பெரும்பாலும் நான்கு வகை. கப்பலின் வயிற்றுக்குள், சன்னலே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் உள்ள அறை. கதவைத் திறந்து வெளியில் இரண்டு கதிரை போட்டு இருக்கக்கூடிய பல்கனி அறை. அதற்கு மேலே பணக்காரருக்கான பெரிய அறைகள். முதல் மூன்று வகையில் இருப்பவர்களுக்கும் பொதுச் சாப்பாட்டுக்கூடம், நீச்சல் தடாகம், இரவு நிகழ்ச்சி எல்லாம் ஒன்றுதான். துறைமுகக் கட்டணமும் ஆளுக்கு ஒரே அளவுதான். ஆகவே கூடக் கொடுக்கும் காசு முழுவதும் அந்த அறைக்கு மட்டுமே போகிறது. எங்களுக்குச் சொன்ன விலையில் உள்ளறைக்கும் பல்கனி அறைக்கும் இருந்த வித்தியாசம் இரண்டு பேருக்குமாக 200 சிங்கப்பூர் டொலர். எங்கள் காசில் அப்போது ஏறக்குறைய 43,000 ரூபா. ஒரு புதுத் தையல் இயந்திரத்தின் விலைக்குக் கிட்ட. இரண்டு இரவுக்கு.

நான் உள்ளறைதான் காணும் என்ற பக்கத்தில் நின்றேன். படுக்கிறதற்கு மட்டுந்தானே அறை, பகலில் மேல் தட்டில் நின்றால் எல்லோருக்கும் ஒரே கடல்தானே என்பது என் வாதம். இது பிழையான வாதமும் இல்லை. பயணத்தில் அனுபவப்பட்டவர்கள் பலர் உள்ளறைதான் எடுக்கிறார்கள். நல்ல இருட்டு, நல்ல நித்திரை என்கிறார்கள். மிச்சக் காசில் இன்னொரு பயணம் போகலாம் என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு துறையில் இறங்கி ஊர் பார்க்கும் பயணமானால், குளிர்காலக் கடலானால், அறையில் இருக்கும் நேரம் குறைவானால் பல்கனி வீண் செலவு என்றே நானும் சொல்வேன். எங்கள் கப்பல் எங்கும் நிற்காதது. இருக்கிற நேரம் முழுக்கக் கடல்தான். அதனால்தான் முடிவு எடுக்கக் கடினமாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா மயிலிட்டி. கடலுக்கும் வீட்டு விறாந்தைக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை மட்டுந்தான் என்று சொல்வா. 1990 ஜூனில் அந்தப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒரு வயது. பிறகு மல்லாகத்தில் முகாம், அதற்குப் பிறகு வாடகை வீடுகள். எல்லாம் உள்ளூர்ப் பக்கம். கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் எடுக்க வேண்டும். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு சேர்த்து விட்ட நிலத்துக்குள் எங்கள் வளவும் வந்தது. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அன்று அம்மா கிணற்றைப் பார்க்கவில்லை, வடக்குப் பக்கம் திரும்பிக் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

அம்மா கப்பலில் போனது வாழ்க்கையில் ஒரு தடவை, போக ஒன்று வர ஒன்று. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போக விமானம், இல்லாவிட்டால் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் என்றாகிவிட்டது. விமானத்துக்கு எங்களிடம் காசு இல்லை. 2007இல் அக்காவைக் கலியாணத்துக்காகக் கனடா அனுப்ப, அனுமதிக்கு அலைந்து, கடைசியில் மூன்று பேரும் கப்பலில் ஏறினோம். கீழ்த் தட்டு. சன்னல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை விடியும் வரை அழுதது. அம்மா சத்தி எடுத்துக்கொண்டே வந்தா. எது கரை, எது கடல் என்று ஒன்றும் தெரியவில்லை என்பதைத்தான் பிறகும் திரும்பத் திரும்பச் சொல்வா. திரும்பி வரும்போது அக்கா இல்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சன்னல் இல்லாத இடத்தில் தலைசுற்று கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் ஆடுகிறது என்கிறது, கண்ணோ அசையாத சுவரைப் பார்த்து ஆடவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு பிரட்டுகிறது. அடிவானத்தைப் பார்த்தால் பலருக்குச் சுகம். ஆனால் பல்கனி இருந்தால் மட்டும் காணாது. அது உயரத்திலோ முன் அல்லது பின் முனையிலோ இருந்தால் ஆட்டம் கூட. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டுகளில்தான் ஆட்டம் குறைவு. ஊஞ்சல் பலகையை நினைத்தால் விளங்கும்.

சமூகவியல் படித்தவள் என்ற பழக்கத்தால் இந்த அறைகளின் வரலாற்றையும் கொஞ்சம் தேடினேன். கப்பலில் வெளிச்சமும் காற்றும் எப்போதும் வர்க்கத்தின்படிதான் பங்கிடப்பட்டன. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில், தனக்கென்று சொந்தமாக உலாவும் தளம் வைத்த அறைத்தொகுதிகள் இரண்டே இரண்டு. மூன்றாம் வகுப்பில் புலம்பெயர்ந்து போன குடும்பங்கள் கீழே இருந்தன. முதல் வகுப்புப் பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் தப்பினார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்களில் பாதியளவினரே தப்பினார்கள். 1984இல் றோயல் பிரின்செஸ் என்ற கப்பல், எல்லா அறைகளையும் வெளிப்பக்கமாகவே அமைத்து வந்தது. அதற்குப் பிறகு பல்கனி படிப்படியாகச் சாதாரண மக்களுக்கும் வந்தது. இன்று புதிதாகக் கட்டும் பெரிய கப்பல்கள் பலவற்றில் பாதிக்கு மேற்பட்ட அறைகளுக்குப் பல்கனி உண்டு. உள்ளறைக்காரர் மனம் நோகாமல் இருக்க 2011இல் டிஸ்னி ட்ரீம் கப்பலில் வட்டச் சன்னல் போல ஒரு திரையைச் சுவரில் பொருத்தி, வெளியில் கமெரா பிடிக்கும் கடலை அதில் காட்டினார்கள். அக்காவின் மகன் அதுதான் வேண்டுமென்று நின்றான். நல்ல வேளை, எங்கள் கப்பலில் அது இல்லை.

2020 பெப்ரவரியில் யப்பானின் யொக்கோஹாமாவில் நடந்ததும் என் யோசனைக்கு வந்தது. டயமன்ட் பிரின்செஸ் கப்பலில் கொரோனா பரவி, 3,711 பேரை இரண்டு கிழமை இறங்கவிடவில்லை. 700இற்கு மேற்பட்டோருக்குத் தொற்று. உள்ளறையில் இருந்தவர்களைக் காற்று வாங்க முறைவைத்துக் கொஞ்ச நேரம் மேல் தட்டுக்கு விட்டார்கள். மற்ற நேரமெல்லாம் சன்னல் இல்லாத நாலு சுவர். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இரண்டு இரவுப் பயணத்துக்கு இப்படி ஒன்று வருமென்று நினைத்து அறை எடுப்பது அதிகப்படியான யோசனைதான். ஆனால் வாசிக்கும்போது எனக்கு 2007தான் ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் கேட்காமலே அக்காவும் நானும் இரண்டு கிழமை சண்டை பிடித்தோம். அம்மாவுக்குக் கடல் பயம் என்று நான் சொல்ல, இல்லை கடல் ஆசை என்று அக்கா சொல்ல, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் படங்களைப் போட்டு நேரே கேட்டோம். அம்மா படங்களை நிதானமாகப் பார்த்தா. விலையைக் கேட்கவில்லை. கேட்டது வேறு கேள்விகள்.

"உந்த விறாந்தைக் கதவு உள்ளுக்கால பூட்டலாமோ?"

பூட்டலாம். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்திலும் பூட்டு வைத்த கப்பல்கள் இருக்கின்றன.

"கம்பி எவ்வளவு உயரம்? சின்னவன் ஏறுவானெல்லே."

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டுத் துறைகளுக்குப் போய்வரும் பெரிய பயணிகள் கப்பல்களில் 42 அங்குலம் இருக்க வேண்டும். மூன்றரை அடி. எங்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் கதிரையைக் கம்பிக்குக் கிட்ட வைக்கக் கூடாது என்று அக்கா சொன்னா.

"கப்பல் தாண்டால்?"

இதற்கு அத்தான் பதில் சொன்னார். 2012இல் இத்தாலிக் கரையில் கொஸ்ரா கொன்கோடியா சரிந்து 32 பேர் இறந்த பிறகு சர்வதேச விதியை மாற்றினார்கள். 2015 தொடக்கம் கப்பல் புறப்பட முன்னரோ புறப்பட்ட உடனேயோ எல்லோருக்கும் உயிர்காப்புப் பயிற்சி காட்ட வேண்டும். எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதும் அறைக்கு அறை குறிக்கப்பட்டிருக்கும். சில அறைகளுக்கு முன்னால் உயிர்காப்பு வள்ளம் தொங்கிக் கடலை மறைக்கும், அவை மலிவு என்றும் சொன்னார். "வள்ளம் கிட்ட நிண்டால் நல்லதுதானே. அதையே எடுங்கோ" என்றா அம்மா. சிரித்துவிட்டோம். அதில் ஏறும் ஒழுங்கு வேறு, முன்னால் தொங்குகிறது என்பதற்காக அது எங்களுடையதாகாது.

கடைசியாகத்தான் அம்மா மெதுவாகக் கேட்டா: "முந்தின கப்பல் மாதிரி கீழுக்கு வைக்க மாட்டினம்தானே?"

அதற்குப் பிறகு நான் தையல் இயந்திரக் கதையை எடுக்கவில்லை. தையல் இயந்திரம் தேவையில்லை என்பதல்ல. அது வேறு கணக்கு, அக்கா அதற்கும் அனுப்புகிறவதான். தன் தாய்க்குச் செய்வதைப் பயனாளிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில் கொண்டுவந்த பழக்கம்.

இரண்டு பல்கனி அறைகள் எடுக்கவில்லை. அனுபவக்காரர் செய்கிற ஒரு வேலையைச் செய்தோம். அம்மாவுக்கும் எனக்கும் நடுப்பகுதியில் ஒரு பல்கனி அறை, அதற்கு நேர் எதிரே, நடைபாதைக்கு மற்றப் பக்கத்தில், அக்கா குடும்பத்துக்கு ஓர் உள்ளறை. பகலில் ஆறு பேரும் எங்கள் அறையில், இரவில் பிள்ளைகள் இருட்டு அறையில் நல்ல நித்திரை. அறை இலக்கத்தை நாங்களே வரைபடம் பார்த்துத் தெரிந்தோம். "எந்த அறையென்றாலும் பரவாயில்லை" என்று விட்டால் கொஞ்சம் மலிவு. ஆனால் நீச்சல் தடாகத்துக்கு நேர் கீழே விழுந்தால் விடியக் காலையில் கதிரை இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல்கனி இரண்டு கதிரைக்கும் ஒரு சின்ன மேசைக்கும் மட்டும் காணும். டிசம்பரிலும் அங்கே எங்கள் ஊர் போலப் புழுக்கம். கதவைத் திறந்து வைத்தால் ஏசி வேலை செய்யாது. பக்கத்து அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டிதான், அவர்கள் இருமுவதும் கேட்டது. முதல் நாளே அம்மா குளித்த துவாயைக் கம்பியில் காயப்போட, அறை துப்புரவு செய்யும் பெடியன் வந்து, காற்றுக்குப் பறந்துவிடும் அம்மா என்று கைப்பாசையில் சொல்லி எடுத்துக் கொடுத்தான்.

இரவு கடல் இருட்டாக இருக்கும், பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூர்க் கடல் அப்படி இல்லை. உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. எண்ணெய்க் கப்பல், கொள்கலன் கப்பல், நங்கூரமிட்டுக் காத்திருப்பவை என்று கண்ணுக்கு எட்டும் வரை வெளிச்சங்கள். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு அதில் இருந்தா. தன் தகப்பன் தொழிலுக்குப் போன இரவுகளில் விறாந்தையில் இருந்து வள்ளங்களின் வெளிச்சம் எண்ணுவார்களாம். எது யாருடைய வள்ளம் என்று ஆச்சிக்குத் தெரியுமாம். இதை நான் முப்பத்தைந்து வயதில் முதன்முதலாகக் கேட்கிறேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகும் அம்மா உள்ளே வரவில்லை. அக்கா எதிர் அறையிலிருந்து வந்து நிலத்தில் இருந்தா. மூன்று பேருக்கு அங்கே கதிரை இல்லை.

வந்த பிறகு எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் ஆட்டுக் கடன் கதை முடிய, கப்பலைப் பற்றிக் கேட்டார்கள். அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறதா, தனியாகப் போகிற பெண்ணுக்கு என்ன காசு என்றெல்லாம். தனியாகப் போனாலும் பெரும்பாலும் இரண்டு பேருக்கான அறைக் காசைத்தான் கேட்பார்கள் என்றேன். அது அநியாயம் என்று எல்லோரும் ஏகமனதாகச் சொன்னார்கள். 2009இல் காயப்பட்ட மகளோடு புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போன ஓர் அக்கா அதுவரை பேசாமல் இருந்தவர்.

"அதில இருந்து பார்த்தால் கரை தெரியுமோ?"

ஒவ்வொரு நேரமும் தெரியாது அக்கா, மற்றக் கப்பல்களின் வெளிச்சம் தெரியும் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, 2024 ஆகஸ்டில் திரும்பத் தொடங்கிய காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலில் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டுமென்று ஒரு நேர்த்தி இருக்கிறதாம், அதற்கும் அறை எடுக்க வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை, அது இருக்கை மட்டும் உள்ள கப்பல், நான்கு மணித்தியாலம் அளவில் ஓட்டம், காலநிலை சரியில்லாவிட்டால் நிற்பாட்டி விடுவார்கள், போக முன் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கடவுச்சீட்டுக்குத் தேவையான பத்திரங்களை அவருடைய கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.