மாடி கட்டாத கதை

திருமயம் கோட்டையின் மேலேறி நின்று நாலு திசையும் பார்த்தவர்களுக்கு எங்கள் சீமை எப்பேர்ப்பட்ட சீமை என்பது தெரிந்திருக்கும். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் தைல மரமும் கருவேல முள்ளுந்தான். ஆகையினால் புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கடல் கடந்து போவதற்கு என்றைக்குமே அஞ்சியதில்லை. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். இந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். என் மகனும் அப்படிப் போனவன்தான். கணினிகளுக்குக் கட்டளை எழுதும் உத்தியோகம் பார்க்கிறான்.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், அவன் அனுப்பிய பணத்தைக் கொண்டு எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க உத்தேசித்தேன். கொத்தனார் வந்து அளந்து பார்த்தாயிற்று. செங்கலுக்கு அச்சாரமும் கொடுத்தாயிற்று. அந்த மாடி ஏன் எழும்பவில்லை என்பதே நான் சொல்ல வந்த கதை. வீட்டுக் கதைதான், ஆனாலும் தேசத்தின் கதையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த வருஷம் மகன் விடுமுறையில் வந்திருந்தான். "மாடிக்கு வாசற்கதவு எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்து வரலாம், வா" என்று அவனைக் கோனாபட்டுக்கும் இராயவரத்துக்கும் அழைத்துச் சென்றேன். நகரத்தார் கட்டிய மாளிகைகள் அங்கே தெருத் தெருவாக நிற்கின்றன. பர்மாத் தேக்கில் தூண்கள். சீமையிலிருந்து கப்பலில் வந்த சலவைக்கல். முகம் தெரியும்படி இழைத்த சுண்ணாம்புச் சுவர்கள். ஆனால் அநேக வீடுகளில் பூட்டுத் தொங்கியது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தார்கள். 1962-ல் அங்கே ஏற்பட்ட ராணுவ ஆட்சி தொழில்களையெல்லாம் தேசியமயமாக்கிற்று. ஊற்றுக்கண் அடைபட்ட பிறகு மாளிகைகள் மாத்திரம் மிஞ்சின.

"அப்பா, இவ்வளவு பெரிய வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று மகன் கேட்டான்.

"காவற்காரர் இருக்கிறார். கல்யாணம், காரியம் என்றால் எல்லோரும் வருவார்கள்" என்றேன்.

"நம் வீட்டு மாடியில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. அதை வெளிக்குக் காட்டிக்கொள்ளாமல், "கடல் கடந்து சம்பாதித்தவர்கள் வீடு மட்டுமா கட்டினார்கள்? காரைக்குடியைப் பார்" என்று பேச்சை மாற்றினேன். வள்ளல் அழகப்பச் செட்டியார், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம் ஊர்ப் பக்கம் வர வேண்டும் என்பதற்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ல் நிலையம் திறக்கப்பட்டது. வறண்ட பொட்டலில் எழுந்த அந்த இடத்தில் இன்றும் விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்து வருகிறார்கள்.

"அப்படியானால் நானும் கொடுத்திருக்கிறேனே, அதைப் போய்ப் பார்ப்போம்" என்றான் மகன். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருஷங்களுக்கு முன் பத்துக் கணினிகள் வாங்கிக் கொடுத்திருந்தான்.

போனோம். அறை பூட்டியிருந்தது. சாவியைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே கணினிகள் உறை போட்டபடி வரிசையாக இருந்தன. மின்சாரம் ஏறி இறங்கியதில் நான்கு கெட்டுப் போயிருந்தன. மற்றவற்றைத் தொட்டால் கெட்டுப்போய்விடுமோ என்று ஒருவரும் தொடவில்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. வாசலில் என் மகன் பெயர் பொறித்த கல் மட்டும் பளபளவென்று இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேசவே இல்லை. இரவு சாப்பிடும்போதுதான் வாய் திறந்தான்: "கோனாபட்டில் பார்த்த பூட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அப்பா? யந்திரத்தை அனுப்பினேன், அதைப் பழக்கித் தர ஒரு நாழிகைகூட ஒதுக்கவில்லை."

பிறகு அவன் சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் என் மனத்தில் நின்றன. ஒன்று, ஒரிஸ்ஸாவில் பிறந்து 1964-ல் அமெரிக்கா சென்ற ஸாம் பிட்ரோடாவைப் பற்றியது. டெலிபோன் தொழிலில் பேரெடுத்த அவர் தாய்நாட்டுக்கு வந்து உழைத்தார். 1984-ல் ஸி-டாட் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டது. அவர் சீமை யந்திரத்தை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. இந்நாட்டு இளம் பொறியாளர்களையே கூட்டி, நம் ஊர் வெயிலையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதனம் இல்லாமல் ஓடக்கூடிய சிறிய கிராம டெலிபோன் நிலையத்தைச் செய்வித்தார்கள். மற்றொன்று, தஞ்சை ஜில்லாவில் பிறந்த ஸ்ரீதர் வேம்புவைப் பற்றியது. 1996-ல் அவரும் உடன்பிறந்தாரும் நண்பரும் தொடங்கிய கம்பெனிதான் இன்று ஸோஹோ என்று வழங்குகிறது. 2019-ல் அவர் அமெரிக்காவை விட்டுத் தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறைக் கிராமத்தில் குடியேறினார். பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த பிள்ளைகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, வேலையும் கொடுக்கிறது அவர் கம்பெனி.

"அவர்களெல்லாம் பெரிய மனிதர்கள். மூன்று வார லீவில் வரும் உன்னால் என்ன முடியும்?" என்று கேட்டேன்.

இதற்கு விடை சொன்னவள் என் மனைவி. "எனக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

இருக்கிறது. 1991-ல் எங்கள் ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். என் மனைவிக்குக் கற்றுக் கொடுத்தவள், பதினைந்து நாளைக்கு முன்னால்தான் தானே கற்றுக்கொண்ட ஒரு பெண். என் மனைவி இன்னும் எட்டுப் பேருக்குக் கற்றுக் கொடுத்தாள்.

"ஒருத்திக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடு, அவள் மற்றவர்களைப் பார்த்துக் கொள்வாள்" என்றாள் மகனிடம்.

மாடிப் பணத்தில் ஒரு பகுதி கணினிகளைப் பழுது பார்க்கவும், மின்சாரம் போனாலும் ஓடுவதற்கான சாதனம் வாங்கவும் போயிற்று. மிச்சம், எங்கள் ஊரில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளமாயிற்று. நமக்கு ஞாயிறு காலை. அவனுக்குச் சனிக்கிழமை இரவு. அந்த ஒரு மணி நேரம் அவன் கணினித் திரையில் தோன்றி அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்வான். வாரம் முழுவதும் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். சாவி அவளிடமே இருந்தது.

முதற் பாடம், தமிழில் தட்டெழுதுவது. ஒரு சிறுமி, "கணினிக்குள் நம் எழுத்தை வைத்தது யார்?" என்று கேட்டாள். மகன் சொன்ன பதில் எனக்கே புதிது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கத் தொடங்கினார். ஸ்விட்ஸர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தமிழ் எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் துவக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997-ல் உலகத் தமிழர்களைக் கூட்டி மகாநாடு நடத்தினார். ஆனால் ஆளுக்கொரு விசைப்பலகை இருந்தால் என்ன பிரயோஜனம்? 1999-ல் சென்னையில் வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் கூடிப் பேசிய பிறகே 'தமிழ் 99' என்ற பொது விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அங்கிருப்பவர் பாதி, இங்கிருப்பவர் பாதி. இரண்டும் சேர்ந்தபோதுதான் காரியம் முடிந்தது.

எல்லாம் சுபமாக நடந்தது என்று எழுத ஆசைதான். இருபத்திரண்டு பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஓராண்டு முடிந்ததும் அந்த ஆசிரியைக்கே திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் வந்து நமஸ்காரம் செய்தபோது, வாயால் வாழ்த்தினேனே தவிர, 'அறைக்கு மறுபடியும் பூட்டுத்தான்' என்று நெஞ்சு அடித்துக் கொண்டது. அவளோ சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த தன் மாணவி ஒருத்தியிடம் கொடுத்தாள். "இவளுக்கு ஆறு மாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஐயா, தடை வராது" என்றாள். வரவில்லை; வகுப்பு இன்றும் நடக்கிறது.

அச்சாரம் கொடுத்த செங்கல் மாத்திரம் வந்து இறங்கிக் கொல்லையில் அடுக்கிக் கிடக்கிறது. அதன்மேல் என் மனைவி அவரைக்கொடி ஏற்றியிருக்கிறாள். இந்தத் தையில் நல்ல காய்ப்பு.

நேயர்களில் பலருக்குக் கடல் கடந்த பிள்ளைகளோ பெண்களோ இருக்கக்கூடும். அவர்களோடு பேசும்போது, பணம் அனுப்பச் சொல்வதோடு, வாரத்தில் ஒரு மணி நேரமும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன்னால், அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொள்ள ஊரில் ஓர் ஆளைத் தயார் செய்து வையுங்கள்.