ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல

போன பொங்கல் லீவுல வீட்ல ஒரு யுனிவர்சல் டிஸ்க் பிளேயர் செட் பண்ணேன். அது எங்க அப்பாவோட காது பரிசோதனையில போய் முடிஞ்சது. ரெண்டுமே உங்களுக்குப் பயன்படும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1/ யுனிவர்சல் பிளேயர்னா சாதா சிடி, டிவிடியோட எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோவையும் பாடுற பெட்டி. எஸ்ஏசிடி 1999-ல சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது. சிடில ரெண்டு சேனல், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். டிவிடி-ஆடியோல 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல ஆறு சேனல் வரைக்கும் வரும். நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட்.

2/ முதல் தப்பு: கையில இருந்த ஆப்டிகல் கேபிளை மாட்டினேன். சிடி அருமையா பாடுச்சு. எஸ்ஏசிடி போட்டா மூச்சே இல்ல. பிளேயர் ரிப்பேர்னு நினைச்சுட்டேன். விஷயம் என்னன்னா, சுருக்காத ஆறு சேனல் ஒலியைத் தூக்கிட்டுப் போற அளவுக்கு ஆப்டிகல்ல இடம் கிடையாது. காப்பி அடிக்காம இருக்க எஸ்ஏசிடி சிக்னலை அந்த வழியா விடுறதும் இல்ல. எச்டிஎம்ஐ கேபிள் போடணும். இல்லன்னா ஆறு ஆர்சிஏ வயர் போடணும்.

3/ எச்டிஎம்ஐ போட்டும் சத்தம் வரலையா? உங்க ரிசீவருக்கு எஸ்ஏசிடியோட டிஎஸ்டி சிக்னல் புரியாம இருக்கலாம். பிளேயர் மெனுவுல எஸ்ஏசிடி அவுட்புட்டை பிசிஎம்னு மாத்துங்க. அதே மெனுவுல ஸ்டீரியோவா மல்டிசேனலான்னும் கேட்கும். ஸ்டீரியோல விட்டீங்கன்னா பின்னாடி ஸ்பீக்கர் சும்மா உக்காந்திருக்கும். நான் ரெண்டு நாள் அப்படித்தான் கேட்டேன்!

4/ ஸ்பீக்கர் வைக்கிற இடம்: நடு ஸ்பீக்கர் நேர் எதிர்ல. முன் ஸ்பீக்கர் ரெண்டும் நடுவிலிருந்து 30 டிகிரி. பின்னாடி ரெண்டும் சுமார் 110 டிகிரி, அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னால. எல்லாமே நீங்க உக்கார்ற இடத்துல இருந்து ஒரே தூரம். நம்ம வீட்டு ஹால்ல அது நடக்காது, அதனால டேப் வெச்சு அளந்து தூரத்தை மெனுவுல போட்டுடுங்க. ஒலி 34 சென்டிமீட்டர் போக ஒரு மில்லிசெகண்ட் ஆகும். அந்தக் கணக்கைப் பெட்டியே பார்த்துக்கும்.

5/ கடைசி வேலை, ஒவ்வொரு ஸ்பீக்கரோட சத்தத்தையும் சமமாக்குறது. டெஸ்ட் டோன்னு ஒரு 'ஷ்ஷ்' சத்தம் ஒவ்வொண்ணா வரும். அப்பாவை நடு நாற்காலியில உக்கார வெச்சு, "எது கம்மியா இருக்குன்னு மட்டும் சொல்லுங்கப்பா"ன்னேன்.

"இடது கம்மிடா."

ரெண்டு டெசிபல் ஏத்தினேன். "இன்னும் கம்மிதான்." ஆறு டெசிபல் ஏத்தினதுக்கு அப்புறம்தான் "இப்ப சரி"ன்னார்.

6/ எனக்கு சந்தேகம். போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு அவர் தலை இருந்த இடத்துல பிடிச்சேன். இடதுதான் இப்ப அதிகம்! எல்லாத்தையும் மீட்டர்ல ஒரே அளவுக்குக் கொண்டுவந்துட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காரச் சொன்னேன். இப்ப வலது ஸ்பீக்கர் கம்மின்னார்.

குறை ஸ்பீக்கர்ல இருந்தா அதே ஸ்பீக்கர்தான் கம்மியா கேட்டிருக்கணும். குறை அவரோட சேர்ந்து திரும்பிடுச்சு.

7/ அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வருது. போனை எப்பவும் வலது காதுலதான் வெப்பார். சோபாவுல இடது ஓரமாத்தான் உக்காருவார், பேசுறவங்க எல்லாம் வலது பக்கம் வர்ற மாதிரி. டிவி சத்தத்துக்கு அம்மா தினமும் சண்டை. தினமும் ஓபில அவ்வளவு பேரைப் பார்க்கிற நான், சொந்த வீட்ல இதைப் பார்க்கல. கேட்டா, "வயசானா அப்படித்தானேப்பா, உனக்கு இருக்கிற வேலையில இதையெல்லாம் சொல்லணுமா"ங்கிறார்.

8/ வயசானா காது மந்தமாகும், உண்மைதான். ஆனா அது பொதுவா ரெண்டு காதுலயும் ஏறக்குறைய சமமா குறையும். ஒரு காது மட்டும் குறைஞ்சா காரணம் தேடணும். வெறும் அழுக்கா இருக்கலாம். அரிதா, காது நரம்புல மெதுவா வளர்ற கட்டியாவும் இருக்கலாம். அதனால இஎன்டி டாக்டர் பார்த்து, ஆடியோகிராம் எடுத்து, எம்ஆர்ஐயும் எடுத்தோம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் சரியா தூங்கல. கட்டி எதுவும் இல்ல. நரம்பு பலவீனம். இப்ப இடது காதுக்கு மெஷின் போட்டிருக்கார்.

9/ முக்கியமா ஒண்ணு. ஒரு காது திடீர்னு, ஒரே நாள்லயோ மூணு நாளுக்குள்ளயோ கேட்காம போச்சுன்னா அது அவசரம். சொட்டு மருந்து விட்டுட்டு வீட்ல காத்திருக்காதீங்க. அன்னிக்கே இஎன்டி டாக்டரைப் பாருங்க. ஸ்டீராய்டு தேவைப்பட்டா சீக்கிரம் ஆரம்பிக்கிறதுதான் நல்லது.

10/ ஸ்பீக்கரை மீட்டர் சொன்ன அளவுலயே விட்டுட்டேன். அந்த ஆறு டெசிபலை அப்படியே ஏத்தி விட்டிருந்தா அப்பாவும் சந்தோஷமா பாட்டு கேட்டிருப்பார், நானும் செட்டிங் முடிஞ்சதுன்னு போயிருப்பேன்.

உங்ககிட்ட டிஸ்க் பிளேயர் இருக்கணும்னு இல்ல. அடுத்த தடவை அம்மா அப்பாகிட்ட போன்ல பேசும்போது, "போனை அந்தக் காதுல மாத்தி வெச்சுப் பேசுங்க"ன்னு சொல்லிப் பாருங்க.