ஒரு எழுத்துதானே சார்

போன ஆண்டு இறுதியில் வழக்கறிஞர் தோழர் ஒருவர் எங்களிடம் சில பழைய வாக்குமூலங்களைக் கேட்டார். 2001இல் ஒரு கிராமத்தில் காலனி மக்கள் தாக்கப்பட்டபோது நாங்கள் நேரில் போய் வீடு வீடாக உட்கார்ந்து எழுதி வந்தவை. அந்த வழக்கின் மேல்முறையீடு இன்னும் முடியவில்லை. கேட்டவுடன் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். எல்லாம் குறுந்தகட்டில் இருக்கிறதே!

திறந்து பார்த்தால் ஐரோப்பிய எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளுமாக ஓடியது. அன்றைய எழுத்துருவும் அதை ஓட்டிய கணினியும் போய்ப் பல வருடமாகிவிட்டது. 1990களில் தமிழ் மென்பொருள் விற்றவர்கள் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று தரம் அறிவித்தது. 2010இல் ஒருங்குறிக்கு வந்தது. எங்கள் கோப்புகள் இந்த எதிலும் சேராத ஒரு எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அயோத்திதாசர் 1907இல் அச்சிட்ட ‘ஒரு பைசாத் தமிழன்’ காகிதத்தில் கிடைத்ததால்தான் 1999இல் அவர் எழுத்துகளைத் தொகுக்க முடிந்தது. நாங்கள் எழுதி கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் எழுத்தை எங்களாலேயே வாசிக்க முடியவில்லை.

விசாரித்ததில் ஒரு நிறுவனம் இதற்கென்றே எழுத்துரு மாற்றி விற்பதாகத் தெரிந்தது. விலை 18,000 ரூபாய், அதற்கு மேல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். எங்களுக்கு அது சிறிய தொகை இல்லை. தோழர்களிடம் ஐந்நூறும் ஆயிரமுமாகத் திரட்டிக் கட்டினோம். விற்க வந்தவர் காட்டியபோது ஒரு சினிமாச் செய்தியை மாற்றிக் காட்டினார். பளிச்சென்று வந்தது. பட்டியலில் எங்கள் எழுத்துருவின் பெயரும் இருந்தது. மொத்தம் 140 கோப்புகள். ஒரே மாலையில் எல்லாம் ஒருங்குறிக்கு வந்துவிட்டன. அன்று இரவு டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு வாசிப்பது எங்கள் பழக்கம். அப்படி வாசித்தபோது ஒரு பாட்டியின் வாக்குமூலத்தில் தடுக்கியது. “காலனி ஆட்கள் கம்பால் அடித்தார்கள்” என்று இருந்தது. அந்தப் பாட்டியின் மகன்தான் அன்று அடிபட்டுக் கை உடைந்தவர். அச்சுப்படியைத் தேடி எடுத்தோம். அதில் “காலனி ஆட்களைக் கம்பால் அடித்தார்கள்” என்று இருந்தது.

ஒரு ஐகாரம் விழுந்திருக்கிறது, கூடவே ஒரு ‘க்’கும் போயிருக்கிறது. அடிபட்டவர்கள் அடித்தவர்களாகிவிட்டார்கள்.

இது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. அன்று எங்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்த அண்ணன் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பே தட்டச்சு படித்தவர். ணை, லை, ளை, னை நான்கையும் யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவில் அடிப்பார். அந்த எழுத்துருவில் அதற்குத் தனி விசை இருந்தது. மாற்றியின் அட்டவணையில் அந்த விசைக்கு இடமே கொடுக்கவில்லை. தெரியாத குறி வந்தால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது. ‘ஆட்களைக்’ என்பது ‘ஆட்களக்’ என்று ஆகிறது. அத்தோடு விட்டிருந்தாலும் நாங்கள் கண்ணால் பார்த்துப் பிடித்திருப்போம். மென்பொருளுக்குள் ‘தானியங்கிப் பிழைதிருத்தி’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது ‘ஆட்களக்’ என்பதைப் பிழை என்று கண்டு, தனக்குத் தெரிந்த சொல்லாக, ‘ஆட்கள்’ என்று திருத்தி வைக்கிறது. ‘பெண்களை’ என்பது ‘பெண்கள்’ ஆகிறது. ‘அவர்களை’ ‘அவர்கள்’ ஆகிறது. வாக்கியம் இலக்கணச் சுத்தமாக நிற்கிறது. பிழைதிருத்தியை அணைக்கும் பொத்தான் பட்டியலில் இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில். அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

வன்கொடுமை வழக்கு நடத்தியவர்களுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும். நம் புகார் காவல் நிலையத்துக்குப் போகும் அன்றைக்கே எதிர்ப்புகாரும் தயாராக இருக்கும். “அவர்களும்தான் அடித்தார்கள்” என்ற ஒரு வரியில் எத்தனை வழக்குகள் சமரசமாக முடிந்திருக்கின்றன! 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லிக் கட்டுப்பாடுகள் விதித்தது. நாடு முழுக்கத் தலித் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. பொய்ப்புகார் என்று சொல்லக் காத்திருக்கும் ஊரில், எங்கள் கோப்பிலிருந்தே எங்கள் மக்கள் அடித்ததாக ஒரு வரி போயிருந்தால்?

உதவி எண்ணுக்குப் பேசினோம். மூன்றாவது நாள் ஒரு தம்பி எடுத்தார்.

“ஒரு எழுத்துதானே சார். ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டுடுங்க.”

“எதைத் தேடுறது தம்பி? ‘அவர்கள்’னு சரியா இருக்கிற இடமும் நூத்துக்கணக்குல இருக்கே. எது தப்புன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க டைப் பண்ணதுலயே மிஸ்டேக் இருந்திருக்கும் சார். டிக்கெட் போடுங்க, டெக்னிக்கல் டீம் பார்ப்பாங்க.”

புகார்ப் படிவத்தில் தமிழில் எழுதி அனுப்பினோம். ஒப்புகை வந்தபோது நாங்கள் எழுதிய பத்து வரியும் கேள்விக்குறிகளாக இருந்தன. தமிழ் மென்பொருளின் குறையைத் தமிழில் சொன்னால் அவர்கள் பெட்டி வாங்காது. மறுபடி ஆங்கிலத்தில் எழுதினோம். ‘ஆட்கள்’, ‘ஆட்களை’ வித்தியாசத்தை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தக் கொடுமை.

பதில் வந்தது: மாதிரிக் கோப்பை அனுப்புங்கள், அல்லது உங்கள் கணினியை இணையம் வழியாக எங்கள் கட்டுப்பாட்டில் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறோம். இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அந்தக் கோப்புகளில் பெண்களின் பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, யார் யாரைப் பற்றிச் சொன்னார்கள் என்பது இருக்கிறது. “எழுதிக்கோங்க, ஆனா நான் சொன்னதா வெளியே தெரியக்கூடாது” என்று சொன்னவர்கள் இன்றும் அதே ஊரில், அதே நிலத்தில் கூலிக்குப் போகிறார்கள். சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்துக் காக்க நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்று சட்டத்தின் 15ஏ பிரிவே சொல்கிறது. எவரென்று தெரியாத ஒருவர் திரையில் அதைத் திறந்து பார்க்க நாங்கள் எப்படி அனுமதிப்பது? முடியாது என்றோம். “அப்படின்னா நாங்க ஒண்ணும் செய்ய முடியாது சார்” என்றார் தம்பி. அவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு தொலைபேசியும் படிக்கக் கொடுத்த நாலு வரியும்தான். முடிக்காத பொருளுக்கு விலை ஒட்டி விற்றவர்கள் அந்த எண்ணில் எடுப்பதில்லை.

வேறு வழியில்லாமல் நாங்களே ஒரு பொய்க் கோப்பு செய்தோம். ‘நாய்கள் மாடுகளை விரட்டின’ என்பது போல இருபது வாக்கியங்களைப் பழைய குறிகளில் கோத்து அனுப்பினோம். ‘நாய்கள் மாடுகள் விரட்டின’ என்று மாறி வருவதைப் படம் பிடித்தும் அனுப்பினோம். பதினோரு நாள் கழித்து வந்த பதிலில், பொருள் புரிகிறது, இது முக்கியமான குறை அல்ல, அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. மறுநாளே இன்னொரு செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

தட்டச்சு அண்ணனைத் தேடிப் போனோம். எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை. நடந்ததைக் கேட்டவர் முதலில் கேட்டது, “நான் பழைய எழுத்துல அடிச்சது தப்பாயிடுச்சாப்பா?” என்றுதான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தப்பு உங்களுடையது இல்லைண்ணே என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பினாரா என்பதும் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் அறைக்கு வருகிறார். ஒருவர் அச்சுப்படியை வாசிக்க, இன்னொருவர் திரையில் திருத்துகிறார். இவன் பேச்சு இப்படி இருக்காதே என்று அவர் நடுவில் நிறுத்தச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. 19 கோப்புகளுக்கு அச்சுப்படி இல்லை, மழையில் போய்விட்டது. அவற்றுக்கு மூலக் கோப்பில் தெரியும் ஐரோப்பிய எழுத்துகளையே பார்த்து, எந்தக் குறிக்கு எந்தத் தமிழெழுத்து என்று கையால் ஒரு அட்டவணை போட்டிருக்கிறோம். துதிக்கைக்கு உரிய குறியை அதில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறது.

வழக்கறிஞர் கேட்ட வாக்குமூலங்களை முதலில் முடித்து அனுப்பிவிட்டோம். 140இல் 61 முடிந்திருக்கிறது. இதே காலத்துக் கோப்புகள் வைத்திருக்கும் தோழர்கள் யாரிடமாவது இந்த மாற்றி இருந்தால், மூலத்தை அழித்துவிட வேண்டாம். அட்டவணை வேண்டுமென்றால் கேளுங்கள், படியெடுத்துத் தருகிறோம். பராமரிப்புக் கட்டணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அந்த நிறுவனத்திலிருந்து இந்த மாதம் மட்டும் நான்கு குறுஞ்செய்தி வந்துவிட்டது.