செருப்பில் ஏறிய கரிசல்

மணியாச்சியில் ரயில் மாறப் பலமுறை காத்துக்கிடந்திருக்கிறேன். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். அதனால்தான் பெயர்ப்பலகையில் வாஞ்சியும் சேர்ந்திருக்கிறார். ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே போனதில்லை. இந்த ஐப்பசியில் போக வேண்டியதாயிற்று. என்னோடு சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், உறவு சனம் யாருமில்லாத பக்கத்துக் கிராமத்தில் வந்து குடியேறிவிட்டார்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவருடைய காட்டுக்குள் பத்தடி வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு கனத்துக்கு மண். குச்சியால் சுரண்டினால் அடுத்த பத்தடியில் மறுபடி அதே கனம். பக்கத்துக் காட்டுப் பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கழத்திக் கையில வச்சுக்கிடுங்க தம்பி. கரிசல்ல செருப்போட எறங்கலாமா?”

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கேயிருந்து வந்த சனங்களின் வழி. அவர்கள் தப்பியோடி வந்த கதையைத்தான் எழுத்தாளர் கி.ரா. 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக்கினார். ஓடி வந்தது சரி, இந்த வானம் பார்த்த பூமியில் ஏன் நின்றார்கள்? தாமிரபரணிக் கரை நஞ்செய்யில் ஏற்கெனவே ஆள் இருந்தது. கரிசலோ பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. அதில் பாடுபடும் வித்தையும் அவர்கள் கையில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை இந்த மண் அடிவயிற்றில் வைத்துக்கொள்ளும். தை, மாசி வரைக்கும் பருத்திக்கு அதுவும் பனியும் போதும்.

சார் இந்தக் கணக்கெல்லாம் பார்த்து வரவில்லை. நிலம் மலிவு, ஹாரன் சத்தம் கிடையாது, ராத்திரியில் நட்சத்திரம் தெரியும் என்று வந்தார். போர் தண்ணீர் உப்பு. குடிக்கக் கேன் தண்ணீர்தான். பஸ்ஸை விட்டால் அரை நாள் போச்சு. இந்த ஊர்ப் பையன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். இதே கரிசலில் இடைசெவல்காரரான கி.ரா.வே கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில்தான் கழித்தார். எல்லோரும் இறங்கிப் போகிற படியில் இவர் ஏறி வருகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட.

போன வருஷம் மழை விழுந்த பிறகு உளுந்து விதைத்து ஏமாந்திருக்கிறார். ஈரக் கரிசலில் ஏர் இறங்காது. காயக் காத்திருந்ததில் பருவம் தப்பிவிட்டது. “நாங்க பொரட்டாசியிலயே புழுதியில போட்டுட்டு மானத்தப் பாத்துக்கிட்டு இருப்போம், சாரு மழையப் பாத்துட்டுப் போட்டாரு” என்றார் பெரியவர்.

இந்த வருஷம் புழுதி விதைப்பு. முளைத்து நின்ற உளுந்துக்கு நடுவே சார் குத்தவைத்துக்கொண்டு, ஒரு இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். நட்சத்திரத்தைப் பற்றி அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சென்னைக்கு எப்ப சார் வர்றீங்க?”

“கார்த்திகையில இன்னும் ஒரு மழை வேணும்,” என்றார், கயத்தாறு பக்கம் காற்றாலைகளுக்கு மேலே திரண்ட மேகத்தைப் பார்த்தபடி.