குறிப்பும் குருதியும்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, பரம்பரையலகைத் திருத்திக் குருதி நோய் தீர்க்கும் சிகிச்சையொன்றினை உலகில் முதன்முதலாகப் பிரித்தானியா அங்கீகரித்தது. கஸ்ஜெவி என்பது அதன் பெயர். அரிவாட்கலச் சோகை, தலசீமியா என்னும் இரு நோய்களுக்கும் உரியது. அச்செய்தியைப் படித்த நாளில், "இனித் தலசீமியாவுக்கு விடைகொடுத்தாயிற்று" என்று கல்லூரி ஆசிரியர் அறையிலே நண்பரொருவர் மகிழ்ந்தார். மகிழ்ச்சிக்குக் காரணமுண்டு. ஆயினும் அத்துணை விரைவில் விடைகொடுக்க இயலாதென்பதே என் எண்ணம்.

சுவாசிக்கும் காற்றிலுள்ள ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபின். அதனை ஆக்கும் புரதச் சங்கிலிகளுள் ஒன்று பீற்றாச் சங்கிலி. அதற்குரிய பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு வந்து சேர்கின்றது. ஒன்று பழுதாயினும் மற்றையது சமாளித்துக்கொள்ளும். அவ்வாறு ஒரு பழுதைச் சுமந்துகொண்டு சுகமாக வாழ்பவரை எங்கள் பாடநூல் 'காவி' என்றழைக்கும். (சந்நியாசிகள் உடுக்கும் காவியன்று என்று ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லுவேன், ஆண்டுதோறும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.) காவிகள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. முதற்பிள்ளை நோயாளியாகப் பிறந்துவிட்டதனால் அடுத்த மூன்றும் தப்பிவிடுமென்று கருதுவார் உளர். தாயக்கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது.

நோயுற்ற பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைகளுக்கொருமுறை பிறர் குருதி ஏற்றவேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பை குருதியோடும் இருநூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உடலினுட் புகுகின்றது. மிகையான இரும்பை வெளியேற்றும் வழியொன்றை இயற்கை நமக்கு அமைத்துவைக்கவில்லை. ஆகவே அது இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். அதனை அகற்றுதற்குச் சிறு பம்பியொன்றைப் பொருத்தித் தோலின்கீழ் இராமுழுதும் மருந்து செலுத்துவர். வாயால் உட்கொள்ளும் மருந்தும் இப்பொழுது உண்டு. குருதி கொடுத்து உயிரைக் காப்பதும், கொடுத்த குருதியின் நஞ்சை எடுத்து உயிரைக் காப்பதுமாக அப்பிள்ளையின் நாட்கள் கழியும்.

புதிய சிகிச்சையின் சூட்சுமம் விசித்திரமானது. பழுதுபட்ட பீற்றாப் பரம்பரையலகை அது தொடுவதேயில்லை! கருப்பையிலுள்ள சிசு வேறொருவகை ஈமோகுளோபினைக் கொண்டே வாழ்கின்றது. பிறந்து சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கிவிட, முதிர்ந்தோர்க்குரியது இடம்பிடிக்கின்றது. தலசீமியாக் குழந்தை முதற் சில மாதங்கள் நோயின் சாயலே இன்றி வளர்வது இதனாலேதான். அரிவாட்கலச் சோகையிலும் சிசுக்கள் தொடக்கத்தில் நலமாயிருப்பதை 1948இல் நியூயோர்க்கிலே ஜனெற் வாட்சன் என்னும் குழந்தை வைத்தியர் கண்டு, சிசு ஈமோகுளோபினே அவர்களைக் காக்கின்றதென ஊகித்தார். அந்த உற்பத்தியைப் பூட்டிவைப்பது பீ.சீ.எல். 11 ஏ என்னும் புரதமென்று 2008ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். செங்குருதிக் கலங்களில் அப்பூட்டுக்கு விசை கொடுக்கும் இடத்தைத் துண்டித்துவிட்டால் பழைய களஞ்சியம் மீண்டும் திறந்துகொள்ளும். கஸ்ஜெவி செய்வது அவ்வளவுதான்.

துண்டிக்கும் கருவி எங்கிருந்து வந்தது? உப்பளத்திலிருந்து. ஸ்பெயின் தேசத்திலே உவர்நீரில் வாழும் நுண்ணுயிரொன்றினை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொகிக்கா என்பவர், அதன் டீ.என்.ஏ.யில் ஏறக்குறைய முப்பது எழுத்துக்கள் கொண்ட தொடரொன்று இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1993இல் வெளியிட்டார். அதனையொத்த தொடரை 1987இலேயே ஜப்பானியர் வேறொரு பற்றீரியாவிற் கண்டிருந்தனர். பொருள் மட்டும் விளங்கவில்லை. தொடர்களுக்கிடையே இருப்பவை பகை வைரசுகளின் துண்டுகளென்றும், முன்னர் வந்த பகைவனை நினைவில் வைத்திருக்கும் ஏற்பாடே அதுவென்றும் மொகிக்கா உணர்ந்தார். அக்கட்டுரையைச் சஞ்சிகைகள் பல திருப்பியனுப்பின. 2005இலேயே அது அச்சேறிற்று. 2007இல், தயிர் செய்வதற்குப் பயன்படும் பற்றீரியாவிலே அக்கருத்து மெய்ப்பிக்கப்பட்டது. 2012இல் ஜெனிபர் டௌட்னா, எமானுவேல் ஷார்பென்ரியே என்னும் பெண்மணிகள் இருவர், அதனை வேண்டிய இடத்தில் வெட்டும் கத்தரிக்கோலாக்கலாமெனக் காட்டினர். 2020இல் இருவருக்கும் நோபெற் பரிசு கிடைத்தது. உப்பளத்து நுண்ணுயிரை ஆராய்வதால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்கும் கணக்கர்கள் எந்த நாட்டிலும் இருக்கவே செய்வர். அவர்கள் கையிற் பேனா இருந்திருப்பின் இச்சிகிச்சை பிறந்திராது.

பரீட்சார்த்தமாக இதனைப் பெற்று, ஓராண்டுக்கு மேல் அவதானிக்கப்பெற்ற தலசீமியா நோயாளர் 35 பேரில் 32 பேர் குருதியேற்றுதலினின்றும் விடுதலை பெற்றனர். அற்புதம் என்ற சொல்லை நான் இலகுவிற் கையாள்வதில்லை, இங்கே கையாளலாம். ஆனால், திருத்திய கலங்களை உடலுட் செலுத்துமுன் பழைய என்புமச்சையைக் கடும் மருந்தால் அழிக்கவேண்டும். அம்மருந்தால் மகப்பேறு இல்லாமற் போகவுங் கூடும். அமெரிக்காவில் இதற்கு விதித்த விலை 22 இலட்சம் டொலர். நம் நாணயத்தில் அறுபது கோடி ரூபாவுக்கு மேல்!

இலங்கைக்கும் இந்நோய்க்குமுள்ள உறவு பழையது. தலசீமியாவின் காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லையென 1949இல் ஹால்டேன் என்னும் அறிஞர் ஊகித்தார். பிற்கால ஆய்வுகள் அதற்குச் சான்றளித்தன. 1934, 35ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாவால் இத்தீவிலே ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அதற்குமுன் எத்தனை நூற்றாண்டுகள் நுளம்பு இங்கே ஆட்சிசெய்ததோ! 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பகைவன் போய்விட்டான்; அவனுக்கெதிராகப் பிடித்த கேடயம் நம் குருதியில் தங்கிவிட்டது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இன்றும் காவிகள். குருநாகலில் இந்நோயாளருக்கெனத் தனி நிலையமே இயங்குகின்றது.

இன்னுமொன்று. இச்சிகிச்சையால் மாறுவது நோயாளியின் குருதிக் கலங்களே; அவர் தம் பிள்ளைகளுக்கு அளிக்கும் பரம்பரையலகு மாறுவதில்லை. கருவையே திருத்தப் புகுந்த சீன விஞ்ஞானியொருவர் 2019இற் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வழி சரியன்றென்பது என் கருத்தும். ஆகவே கோடி கொட்டிக் குணமடைந்தவரும் கலியாணப் பேச்சிலே மற்றவரைப் போன்றவரே. கருவுற்றபின் சோதித்தறிந்து முடிவுசெய்யும் வழக்கம் பிறநாடுகளிலுண்டு. நம் சட்டமோ தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருச்சிதைவுக்கு இடங்கொடுப்பதில்லை. நமக்கு எஞ்சியது தாலிகட்டு முன்னரே அறிதல். எழுவரில் ஒருவர் காவியாயுள்ள சைப்பிரசுத் தீவிலே, சோதனைச் சான்றிதழ் காட்டினாலன்றித் தேவாலயத்தில் மணமில்லையென 1980களில் விதித்தார்கள்.

என் தமக்கையாரின் மகளுக்கு ஏற்பட்டதை அவளது சம்மதத்துடனேயே எழுதுகின்றேன். சிறுவயது முதல் அவளைச் சோகையென்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்து வந்தனர். பல்கலைக்கழகம் புகுந்தபின் வைத்தியரொருவர் குருதியைச் சோதித்து, அவள் காவியென்றார். அதே காலத்திலே தகப்பனாரின் தங்கை மகனுக்கு, அதாவது அவளது மச்சானுக்கு, சம்பந்தம் பேசினார்கள். குறிப்புப் பார்த்ததிற் பொருத்தம் வெகு நேர்த்தி. நான் மட்டும் கணக்குப் பார்த்தேன். வந்த பழுது தகப்பன் வழியாயின் அவருடைய தங்கைக்கும் அது இருக்கலாம், தங்கையின் மகனுக்கும் இருக்கலாம். எல்லாம் பெருக்கினால் எட்டில் ஒரு பங்கு. அந்நியத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்றாயிருப்பது சொந்தத்துள் இவ்வாறு ஏறுகின்றது. மாப்பிள்ளையும் குருதி சோதிப்பது நல்லதென்றேன்.

"தம்பி, செவ்வாய் தோஷமே இல்லாத பிள்ளைக்கு நீ ஒரு புதுத் தோஷம் கண்டுபிடியாதே" என்றார் தமக்கையார். மாப்பிள்ளையின் தாயார் இன்னும் ஒருபடி மேலே சென்று, "எங்கள் பரம்பரையிலே பழுதில்லை" என்று செய்தி அனுப்பினார். பெண்ணின் பரம்பரையும் பாதி அவருடைய பரம்பரைதான் என்பதை அந்த நேரத்தில் யார் எடுத்துச்சொல்வது?

மாப்பிள்ளை ஒருவருக்கும் சொல்லாமற் கொழும்பிற் சோதித்துக்கொண்டு வந்தான். அவன் காவியல்லன். ஆவணியிற் கலியாணம் நிறைவேறிற்று. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாயைப்போற் காவிகளாவர்; நோயாளி ஆகார். இவ்வளவையும் மாமியாருக்கு மருமகளே விளக்கிச் சொன்னாளாம். ஆயினும், பந்தியிலே அவள் களைத்து ஓரமாக இருந்தபோது, "பழுதான இரத்தம், அதுதான்" என்று அந்த அம்மையார் அயலவளிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. மருமகளின் காதிலும் விழுந்தது. "மாமா, விடுங்கோ, மாமியையும் சோதிப்பிக்க வேணும்" என்றாள்.

இன்னும் சோதிப்பித்த பாடில்லை. தமக்கையார் மட்டும் சென்ற கிழமை தம் இளைய மகனைத் தாமே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். பெண்ணின் குறிப்பு இருந்த அலுமாரித் தட்டிலேதான் அவனுடைய குறிப்பும் இருக்கிறது. வைத்தியசாலை அறிக்கை இனித்தான் வரவேண்டும்.