வியாழக்கிழமை ஜாக்கியின் முறை

1712, பிப்ரவரி. எப்வொர்த், இங்கிலாந்து

போதகர் சாமுவேல் வெஸ்லி லண்டனில் இருக்கிறார். வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி சுசானா தனியாகப் பார்த்துக்கொள்கிறார். தரங்கம்பாடிக்குப் போன டேனிஷ் மிஷனரிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. பல நாள் அதே நினைப்பு, அதே பேச்சு. கடல் கடந்துபோய் ஊழியம் செய்ய அவருக்கு வழியில்லை. பெற்ற பிள்ளைகளிடமாவது செய்யலாமே என்று முடிவெடுத்தார். தினம் இரவு ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைத்துக் கடவுளைப் பற்றிப் பேசுவது. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி. வியாழன், 8 வயது ஜாக்கி.

ஜாக்கிதான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அந்த மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்க் நம் கடற்கரையில் செய்த வேலை, லிங்கன்ஷயரில் ஒரு சிறுவனுக்கு வாரம் ஓர் இரவை வாங்கிக் கொடுத்திருக்கிறது! ஜான் ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகும், அந்த வியாழன் மாலையில் கொஞ்சம் தனக்காக ஒதுக்கும்படி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

1734. ஆக்ஸ்போர்டு

அதிகாலை 4 மணிக்கு எழுந்துவிடுவார். புதனும் வெள்ளியும் உபவாசம். சிறைக்கைதிகளைப் பார்க்கப் போவார். இத்தனையும் டைரியில், குறியீடுகளிலும் சுருக்கெழுத்திலும், மணிக்கு மணி ஏறும். அந்த மணியில் பக்தி எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு எண்கூட உண்டு. வட்டிக்கடைப் பேரேடு தோற்றுப்போகும். ஒழுங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடவுளும் அவரும் இருக்கவேண்டிய பக்கங்களில் வெஸ்லி மட்டுமே நிறைந்திருக்கிறார்.

1736, ஜனவரி 25. அட்லாண்டிக் கடல்

அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியாவுக்குப் போகும் 'சிம்மண்ட்ஸ்' கப்பல். செவ்விந்தியரிடம் ஊழியம் செய்ய வெஸ்லி அதில் போகிறார். மொரேவியர் என்ற ஜெர்மானிய விசுவாசிகள் மாலை ஆராதனையில் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தபோது பேரலை ஒன்று கப்பலை மூடியது. பெரிய பாய் கிழிந்து சிதறியது, தளங்களுக்கு இடையே தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொரேவியர் பாட்டை நிறுத்தவில்லை. பயமாக இல்லையா என்று பிறகு ஒருவரிடம் வெஸ்லி கேட்டார். இல்லையாம். பெண்களும் பிள்ளைகளும்? அவர்களுக்கும் சாகப் பயமில்லையாம். வெஸ்லிக்கோ சாவென்றால் நடுக்கம். அதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

1736, பிப்ரவரி. ஜார்ஜியா

மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க்கிடம் ஊழியத்துக்கு ஆலோசனை கேட்கப் போனார். அவரோ திருப்பிக் கேட்டார்: இயேசுவை உமக்குத் தெரியுமா? சற்றுத் தயங்கிய வெஸ்லி, அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார். சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா? அதற்காகத்தான் மரித்தார் என்று நம்புகிறேன் என்றார். கடைசியாக, உம்மையே உமக்குத் தெரியுமா என்றதற்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அவை வெறும் வார்த்தைகளோ என்று அஞ்சுவதாக நாட்குறிப்பில் எழுதினார். நம்மூர் கன்வென்ஷன் பந்தலில் இன்றைக்கும் முதல் வரிசையில் உட்காருபவரை நெளியவைக்கும் கேள்விகள் அவை. கேட்கப்பட்டவர் குருப்பட்டம் பெற்றவர், கிரேக்க வேதாகமம் படித்தவர்.

ஜார்ஜியா சரிப்படவில்லை. சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை விரும்பினார், அவள் வேறொருவரை மணந்தாள், பிறகு அவளுக்குத் திருவிருந்து தர மறுத்தார், வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் கப்பலேறினார். செவ்விந்தியரை மனந்திருப்பப் போன தன்னை யார் மனந்திருப்புவது என்பது வழியில் எழுதிய குறிப்பின் சாரம்.

1738, மார்ச். ஆக்ஸ்போர்டு

விசுவாசம் இல்லாதவன் பிரசங்கம் செய்யலாமா, நிறுத்திவிடட்டுமா என்று இளம் மொரேவியர் பீட்டர் போலரிடம் கேட்டார். விசுவாசம் வரும்வரை அதையே பிரசங்கியும், வந்தபின் வந்ததால் பிரசங்கியும் என்றார் போலர். ஓரிரு நாளில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவனிடம் போய் வெஸ்லி அதைத் தொடங்கினார். கையில் இல்லாத சரக்கை விற்கிற தர்மசங்கடம் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1738, மே 24. லண்டன்

ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார். இரவு 9 மணிக்குக் கால்மணி நேரம் இருக்கையில் இதயம் இனம்புரியாமல் அனலானது. கிறிஸ்து தன் பாவத்தையே நீக்கினார் என்ற நிச்சயம் வந்தது. உடனே, தனக்குத் தீங்கு செய்தவர்களுக்காக ஜெபித்தார். வீடு திரும்பியதும் சோதனைகள் மொய்த்தன.

மெதடிஸ்டுகள் இந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

1739, ஜனவரி 4

நான் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதுகிறார். அன்பு இல்லை, சந்தோஷம் இல்லை, சமாதானம் இல்லை. மே 24-ஐப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. இந்தத் தேதியை யாரும் பிரசங்கத்தில் எடுப்பதாகத் தெரியவில்லை.

1742, பிப்ரவரி. பிரிஸ்டல்

ஜெபக்கூடம் கட்டிய கடன் பாக்கி. 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடானது. வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நிலவரங்களோடு திரும்பினார்கள்: இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் ஓயாத சண்டை. வெஸ்லி பிடித்துக்கொண்டார். வாராவாரம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்கும் 'வகுப்புக் கூட்டம்' அப்படிப் பிறந்தது. சுசானா அப்போது உயிரோடு இருந்தார். அந்த ஜூலையில்தான் காலமானார்.

1766, ஜூன் 27. வைட்ஹேவன்

வயது 62. தம்பி சார்ல்ஸுக்குக் கடிதம். அந்தரங்கமான இடங்கள் சுருக்கெழுத்தில். தான் கடவுளை நேசிக்கவில்லை, ஒருநாளும் நேசித்ததில்லை என்று தம்பியிடம் கொட்டுகிறார். ஆனாலும் ஏதோ ஒன்று தன்னைத் தள்ளிக்கொண்டே போகிறது, ஊழிய வைராக்கியம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்கிறார். கடிதம் அங்கே முடியவில்லை; உடனடியாகக் கிடைக்கும் இரட்சிப்பை இன்னும் அழுத்தமாகப் பிரசங்கிக்கும்படி தம்பியை முடுக்குகிறார்.