சுத்தியல் சத்தம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டு சிக்னலில் ஆட்டோ நிற்கும்போது, பக்கத்துச் சந்தில் யாரோ தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் சத்தம் கேட்கிறது. டங்... டங்... அவசரமில்லாத, அளந்து விழும் தட்டு. அதைக் கேட்டதும் மனசு 2019 ஏப்ரல் 26-க்குப் போய்விடுகிறது.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வெளியான நாள். கோரமங்களாவில் அக்கா மகனோடு காலைக் காட்சி. 181 நிமிடப் படம். இடையில் யாரும் போனை எடுத்துப் பார்த்ததாகக்கூட நினைவில்லை. கேப்டன் அமெரிக்கா தோரின் சுத்தியலைக் கையில் ஏந்தியதும் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சலாக எழுந்தது. அதே கூட்டம் அயர்ன் மேன் விரலைச் சொடுக்கி உயிரை விட்ட பிறகு மூச்சடங்கிக் கிடந்தது. பக்கத்தில் என் மருமகன் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதான். 2008-ல் முதல் 'அயர்ன் மேன்' வந்தபோது அவனுக்கு ஆறு வயது. என் மடியில் உட்கார்ந்து பார்த்தான். இப்போது பதினேழு. முதலும் கடைசியும் சேர்த்து 22 படங்கள்.

என்னை மடியில் வைத்து இங்கிலீஷ் படம் காட்டியவர் அப்பா. பிரிகேட் ரோடு ரெக்ஸ் தியேட்டர், ஞாயிற்றுக்கிழமை மேட்னி. வாரம் முழுக்க டிங்கர் பட்டறையில் அடிபட்ட கார் கதவுகளைத் தட்டி நேராக்கும் கை. சோப்பு போட்டுக் கழுவினாலும் பெயின்ட் வாசனை போகாது. வசனம் ஒன்றும் அவருக்குப் புரியாது. நான் கேட்டால், "மூஞ்சியப் பாருடா, போதும்" என்பார். ரெக்ஸை 2018 டிசம்பர் கடைசியில் மூடிவிட்டார்கள். இன்னும் நாலு மாதம் இருந்திருந்தால் மருமகனை அங்கே கூட்டிப் போயிருப்பேன்.

எண்ட்கேம் பார்த்த அன்று ராத்திரி ஒசூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் தமிழில் பார்த்தவன். இயக்குநர் முருகதாஸ் வசனம், அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல். "அவர் எனக்கு ரொம்பப் பிடிச்ச நடிகர்தான்ணா. ஆனா இது நம்ம டோனி இல்லண்ணா" என்றான். தொண்டை கம்மியிருந்தது. அந்தக் குறை அன்று நிறையத் தமிழ் ரசிகர்களுக்கு இருந்தது. வருடக்கணக்காகக் காதில் பழகிய குரல், வழியனுப்பும் நேரத்தில் பக்கத்தில் இல்லை.

அவன் துக்கம் எனக்கு முழுசாகப் புரிந்தது மூன்று வருடம் கழித்துத்தான். எல்லாரும் அப்பு என்று அழைத்த கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் போய்விட்டார். நகரமே கண்டீரவா ஸ்டேடியத்தை நோக்கி நடந்தது. 2022 மார்ச் 17, அவர் பிறந்தநாளில் அவர் நடித்த 'ஜேம்ஸ்' படம் வந்தது. டப்பிங் முடிக்கும் முன்பே அவர் போய்விட்டதால் அண்ணன் சிவராஜ்குமார் குரல் கொடுத்திருந்தார். திரையில் அப்பு சிரிக்கிறார், பேசுவது அண்ணன் சிவண்ணா. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் கைகூப்பியபடியே படம் பார்த்தார். அடுத்த மாதமே தொழில்நுட்பத்தால் புனீத்தின் குரலை உருவாக்கிச் சேர்த்துப் படத்தை மறுபடி வெளியிட்டார்கள். முகம் மட்டும் போதும் என்று அப்பா சொன்னது சரியில்லை. போனவர்களின் குரலும் நமக்கு வேண்டியிருக்கிறது.

எண்ட்கேம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மார்வெல் படமென்றால் கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும், அந்த வழக்கத்தில் காத்திருந்தோம். காட்சி வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. இரும்பின்மேல் சுத்தியல்.

"மாமா, குகை! முதல் படம்!" என்றான் மருமகன். டோனி ஸ்டார்க் சிறைப்பட்டுக் கிடந்த குகையில் முதல் கவசத்தை அடித்துச் செய்த சத்தம். பதினோரு வருடத்தை நாலைந்து தட்டில் கட்டி எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். சினிமாவுக்குப் போய் அழுவார்களா என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: அந்த வருடங்கள் எங்களுடையவை. யார் மடியில் உட்கார்ந்தோம், யாரை மடியில் வைத்தோம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அப்பா போய் அப்போது இரண்டு வருடம். இருட்டில் எனக்குக் குகை தெரியவில்லை, பட்டறைதான் தெரிந்தது. மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். டோனிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்னல் விழுந்து ஆட்டோ நகர்கிறது. சந்தில் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.